கார் ஸ்டீரியோவுக்கு 15,000 ரூபாய்: முதலில் கதவைத் திறங்கள்

என் கார் 2013 மாடல் டீசல் ஹேட்ச்பேக். கம்பெனி பெயர் இங்கே தேவையில்லை, இந்த விலைக்கு எல்லாக் கம்பெனிக்காரர்களும் ஏறக்குறைய இதே ஸ்பீக்கரைத்தான் வைப்பார்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். டேஷ்போர்டில் கம்பெனி ஸ்டீரியோ, சிடி உண்டு, யுஎஸ்பி உண்டு, ஆக்ஸ் (போனை வயரில் செருகுகிற துளை) உண்டு, ப்ளூடூத் மட்டும் கிடையாது. நான்கு கதவிலும் ஆளுக்கொரு ஸ்பீக்கர். தாம்பரத்திலிருந்து மாதம் ஒரு தடவையாவது திருச்சிப் பக்கம் ஊருக்குப் போய் வருவோம். பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி என்று டோல்கேட்டாக எண்ணிக்கொண்டு போகிற அந்த ஐந்தாறு மணி நேரமும் பாட்டு ஓடியாக வேண்டும், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வரும், பின்சீட்டில் சண்டை வரும்.

வீட்டில் கேட்கிற பாட்டும் காரில் கேட்கிற பாட்டும் ஒன்றுதானா என்ற சந்தேகம் ஒரு தனி ஆவர்த்தனம் கேட்கும்போதுதான் எனக்கு வந்தது. மிருதங்கத்தின் வலந்தலை 'நம், தீம்' என்று சரியாகத்தான் கேட்டது. தொப்பி? இடது கை வாசிக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. வித்வான் ஒற்றைக் கையால் வாசிக்கிற மாதிரி இருந்தது. வால்யூமைக் கூட்டினால் தொப்பி வரவில்லை, கதவு நடுங்குகிற 'டர்ர்' சத்தம்தான் வந்தது. சரி, ஒரு பத்துப் பதினைந்தாயிரம் போட்டு இதைச் சரி செய்துவிடலாம் என்று இறங்கினேன். செய்தும் விட்டேன், ஆனால் நேராக அங்கே போகவில்லை. முதலில் எங்கெங்கே காசை விட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு மிச்சமாகும்.

முதல் தண்டம், லைட்டர் சாக்கெட்டில் செருகுகிற எஃப்எம் டிரான்ஸ்மிட்டர். 450 ரூபாய். போனிலிருந்து ப்ளூடூத்தில் வாங்கி, குட்டி எஃப்எம் நிலையம் மாதிரி ஒலிபரப்பும், ஸ்டீரியோவில் அந்த அலைவரிசையை வைத்துக் கேட்க வேண்டியதுதான். சென்னையில் 91.1, 92.7, 93.5, 98.3, 101.4, 102.3 என்று ஊர் முழுக்க நிலையங்கள். காலியாக இருக்கிறது என்று ஓர் இடத்தைப் பிடித்து வைத்தால் கிண்டி தாண்டுவதற்குள் பக்கத்து நிலையம் மேலே ஏறி விளம்பரம் வாசிக்க ஆரம்பித்துவிடும். அது போகட்டும், எஃப்எம் ஒலிபரப்பு என்றாலே 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளது வெட்டுப்பட்டுத்தான் வரும், இந்த விலைப் பொருளில் கூடவே ஒரு 'உஸ்ஸ்' சத்தமும் வரும். ஆக்ஸ் துளை இருக்கிற வண்டியில் இதை வாங்கியது சுத்த முட்டாள்தனம். ஆக்ஸும் யுஎஸ்பியும் இல்லாத பழைய வண்டி என்றால் வேறு வழியில்லை, வாங்குங்கள்.

இரண்டாவது தண்டம் கொஞ்சம் பெரியது. சென்னையில் கார் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் நடந்தால் தெரியும், கடைக்குக் கடை கூப்பிடுவார்கள். ஒரு கடையில் பையன் ஒருவன் ஓவல் ஸ்பீக்கர் ஜோடியை எடுத்து வைத்தான். ஆறுக்கு ஒன்பது இஞ்ச், பெட்டி மேல் 500 வாட்ஸ் என்று கொட்டை எழுத்து. "சார், இதைப் பின்னாடி போட்டீங்கன்னா சும்மா அதிரும் சார்." ஸ்பீக்கர் 2,800, அதை வைக்கப் பலகை 600. டிக்கிக்கு மேல் இருக்கும் அந்த மெல்லிய தட்டை எடுத்துவிட்டு, கார்பெட் ஒட்டிய பலகையில் ஸ்பீக்கரைப் பதித்துக் கொடுத்தார்கள். முதல் நாள் நிஜமாகவே அதிர்ந்தது. இரண்டு வாரத்தில் அலுத்துப்போயிற்று, ஏனென்றால் பாட்டு முழுக்க முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. கச்சேரியில் பாடகருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்டால் எப்படி இருக்கும், அப்படி. ஊரிலிருந்து திரும்பும்போது அரிசி மூட்டை ஏற்ற வேண்டுமென்றால் அந்தப் பலகையைக் கழற்றிப் பின்சீட்டில் யார் மடியிலாவது வைக்க வேண்டும். இன்னொன்று, இது விளையாட்டில்லை: நான்கைந்து கிலோ எடையுள்ள பலகையும் காந்தமும் சரியாகப் பூட்டாமல் பின்மண்டைக்குப் பின்னால் இருக்கின்றன, சடன் பிரேக் போட்டால் அது எங்கே வரும் என்று யோசித்துப் பாருங்கள். என் மனைவிதான் யோசித்தாள். "ஏங்க, குழந்தை தலைக்குப் பின்னாடி இதை எதுக்கு வச்சிருக்கீங்க?" அடுத்த நாளே கழற்றிவிட்டேன். ஸ்பீக்கரை 1,500க்கு ஒருவர் வாங்கிக்கொண்டார், பலகை இன்னும் மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது.

மூன்றாவது தண்டம் மயிரிழையில் தப்பியது. ஒன்பது இஞ்ச் ஆண்ட்ராய்டு ஸ்கிரீன். பதினொன்றாயிரம் சொன்னார்கள், பர்ஸில் கை வைத்துவிட்டேன். அப்போது போனில் என் சித்தப்பா மகன், இந்த வேலையெல்லாம் தெரிந்தவன், ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அண்ணே, ஸ்கிரீன் மாத்தினா ஸ்பீக்கர் மாறிடுமா?" மாறாது. மேப் வரும், ரிவர்ஸ் கேமரா வரும், அவையெல்லாம் தேவை என்றால் அது வேறு கணக்கு. பாட்டு வருகிற காகிதக் கூம்பு அதேதான்.

இங்கே வாட்ஸ் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், கடையில் நம்மை ஏமாற்றுகிற முதல் எண் அதுதான். ஸ்டீரியோ பெட்டியில் 50 வாட்ஸ் பெருக்கல் நான்கு என்று போட்டிருப்பார்கள். உள்ளே சத்தத்தைப் பெருக்குகிற ஐசிக்குக் (சிப்புக்கு) கிடைப்பது இன்ஜின் ஓடும்போது வருகிற சுமார் 14.4 வோல்ட், அவ்வளவுதான். நான்கு ஓம் ஸ்பீக்கரில் அந்த வோல்டேஜை எப்படி முறுக்கினாலும், சத்தம் உடையாமல், கணக்குப்படி அதிகபட்சம் 26 வாட்ஸ் ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து கொடுக்கக்கூடிய நிஜ வாட்ஸ். நடைமுறையில் 17 முதல் 22 வரை. இது கம்பெனி ஸ்டீரியோவுக்கும் ஒன்றுதான், பதினொன்றாயிரம் ரூபாய் ஸ்கிரீனுக்கும் ஒன்றுதான். அதனால் பெட்டியில் ஆர்எம்எஸ் என்று எங்கே போட்டிருக்கிறது என்று தேடுங்கள், மேக்ஸ், பீக் எல்லாம் திருவிழா விளம்பரம். ஸ்பீக்கர் வாங்கும்போது அதைவிட முக்கியமான எண் சென்சிடிவிட்டி, கொடுக்கிற வாட்ஸுக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது. 88 டெசிபல், 91 டெசிபல் என்று போட்டிருக்கும். மூன்று டெசிபல் வித்தியாசம் என்றால் அதே சத்தத்துக்குப் பாதி வாட்ஸ் போதும் என்று அர்த்தம். ஆம்ப் (தனி ஆம்ப்ளிஃபயர்) இல்லாமல் ஸ்டீரியோவிலேயே ஓட்டப்போகிறீர்கள் என்றால் 90க்கு மேல் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். 100 வாட்ஸ் ஆர்எம்எஸ் தாங்கும், ஆனால் சென்சிடிவிட்டி 86 என்கிற ஸ்பீக்கர் அந்த 20 வாட்ஸில் தூங்கி வழியும்.

தம்பி சொன்ன யோசனை எளிமையானது. "முதல்ல கதவைத் திறந்து உள்ள என்ன இருக்குன்னு பாருங்கண்ணே. ஸ்பீக்கர் அப்புறம் வாங்கலாம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தோம். முதல் வேலை, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுவது. அதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு, சில கம்பெனி ஸ்டீரியோக்கள் பேட்டரி கழன்றால் மறுபடி ரகசிய எண் கேட்கும், அந்த அட்டை கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், செகண்ட் ஹேண்ட் வண்டி என்றால் பழைய ஓனருக்கு ஒரு போன் போடுங்கள். அப்புறம் கதவின் உள்பக்கத் தட்டு. கைப்பிடிக் குழிக்குள் ஒரு மூடி, அதற்குள் ஒரு ஸ்க்ரூ, திறக்கிற லீவருக்குப் பின்னால் ஒன்று, கீழே ஓரத்தில் ஒன்று. மற்றபடி சுற்றிலும் பிளாஸ்டிக் கிளிப்தான். இழுக்கும்போது 'டக், டக்' என்று சத்தம் வரும், நெஞ்சும் கூடவே டக் என்னும். பத்து வருடம் வெயில் தின்ற கிளிப் இரண்டு மூன்று கட்டாயம் உடையும். புதுப்பேட்டையில் ஒரு பிடி கிளிப்பை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் என்னைப் போல ஒரு வாரம் கதவுத் தட்டு ஆட ஆட ஓட்டுவீர்கள். மஞ்சள் உறை போட்ட வயரோ மஞ்சள் கனெக்டரோ எங்கே பார்த்தாலும் கை வைக்காதீர்கள், அது பெரும்பாலும் ஏர்பேக் லைன்.

உள்ளே பார்த்ததும் எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் கோபம். ஸ்பீக்கரின் கூம்பு பழைய நாள்காட்டித் தாள் மாதிரி பழுப்பேறி, ஓரம் தளர்ந்து இருந்தது. காந்தம் ஒரு மெதுவடை அளவு. அது கூடப் பரவாயில்லை. அதைச் சுற்றிக் கதவின் உள் இரும்பில் இரண்டு பெரிய ஓட்டைகள், ஒவ்வொன்றிலும் முழங்கை வரை கையை விடலாம், அவற்றை மூடியிருந்தது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் காகிதம், அதுவும் முன்னால் யாரோ பவர் விண்டோ பார்த்தபோது கிழித்து அப்படியே விட்டிருந்தார்கள்.

தொப்பி கேட்காததற்குக் காரணம் அந்த ஓட்டைதான். ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் வரும்போது முன்பக்கக் காற்று நெருங்கும், அதே நொடியில் பின்பக்கக் காற்று விரியும். பின்னால் உள்ளதும் முன்னால் உள்ளதும் ஒன்றாகக் கலந்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். மேல் சுரத்துக்கு இது பெரிய பிரச்சினை இல்லை, கீழ்ச் சத்தத்துக்குத்தான் மரண அடி. ஸ்பீக்கரைக் கையில் பிடித்துக்கொண்டு பாட்டுப் போட்டுப் பாருங்கள், கொசு பாடுகிற மாதிரி இருக்கும், அதையே ஒரு அட்டைப்பெட்டியில் வட்டமாக வெட்டிப் பதித்தால் பேஸ் வந்துவிடும். கதவு என்பது அந்த அட்டைப்பெட்டி, என் கதவில் பெட்டிக்குப் பின்புறமே இல்லை.

ஆக, முதல் செலவு டேம்பிங் ஷீட், தகட்டின் நடுக்கத்தை அடக்கி ஓட்டையை மூடுகிற ஒட்டுத் தாள். பியூட்டைல் ரப்பரின் மேல் அலுமினியத் தாள் ஒட்டினது, இரண்டு மில்லிமீட்டர் தடிமன், முன்கதவு இரண்டுக்குமாக 2,200 ரூபாய். இதைவிடச் சீப்பாக மொட்டை மாடிக் கசிவுக்கு ஒட்டுகிற தார் ஷீட் கிடைக்கும், பார்க்க அச்சு அசலாக இதே மாதிரிதான் இருக்கும். வேண்டாம். நம்ம ஊர் மே மாத வெயிலில் மூடிய காருக்குள் அது இளகி வழியும், தார் நாற்றம் மாதக்கணக்கில் போகாது. ஒட்டும் முன் கதவின் உள் இரும்பை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தோம். பழைய பிளாஸ்டிக்கை ஒட்டியிருந்த கறுப்புப் பசையை எடுப்பதுதான் இந்த வேலையிலேயே கேவலமான பகுதி, விரலில் ஒட்டினால் பிசின் மாதிரி இழுபடும், அந்தப் பசையின் உருண்டையை வைத்தே மிச்சத்தை ஒற்றி ஒற்றி எடுக்கலாம் என்பது ஒரு மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது. வெளிப்பக்கத் தகட்டை முழுக்க ஒட்ட வேண்டாம், கால்வாசி மூடினாலே தகட்டின் நடுக்கம் செத்துவிடும். காசு போக வேண்டிய இடம் உள்பக்க ஓட்டைகள். அவற்றை ஒரு சின்ன இடைவெளி இல்லாமல் மூட வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்த அலுமினிய ஓரம் பிளேடு.

ஒரு தப்பும் செய்தேன். கதவின் அடியில் நீளவாக்கில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும், கண்ணாடி வழியாக இறங்குகிற மழைத் தண்ணீர் வெளியேற. ஆர்வக் கோளாறில் இடது கதவில் இரண்டை மூடிவிட்டேன். ஐப்பசி மழையில் ஒரு நாள் வளைவில் திரும்பும்போது குடத்தில் தண்ணீர் தளும்புகிற சத்தம், எங்கிருந்து என்று தேடி டயர் வரை பார்த்தாகிவிட்டது. கதவைத் திறந்து ஷீட்டின் ஓரத்தைக் கத்தியால் கீறியதும் ஒரு சொம்புத் தண்ணீர் காலில் கொட்டியது. இன்னும் ஒரு மழைக்காலம் விட்டிருந்தால் கதவு துருப்பிடித்திருக்கும்.

ஸ்பீக்கர் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினேன். ஆறரை இஞ்ச் கம்போனன்ட் செட், அதாவது கதவுக்குக் கீழ்ச் சத்தத்துக்கு ஒரு வூஃபர், மேல் சுரத்துக்குத் தனியாக ஒரு ட்வீட்டர், 91 டெசிபல், 60 வாட்ஸ் ஆர்எம்எஸ், 4,200 ரூபாய். நடுவிலேயே ட்வீட்டர் வைத்த கோஆக்சியல் என்றால் 2,000க்கே கிடைத்திருக்கும், தரமும் மோசமில்லை. ஆனால் கதவு ஸ்பீக்கர் இருப்பது நம் கணுக்காலுக்குப் பக்கத்தில். மேல் சுரம் டார்ச் லைட் மாதிரி நேராகப் போகிற சமாச்சாரம், அங்கிருந்து அடித்தால் முழங்காலுக்குத்தான் கேட்கும். ட்வீட்டரைப் பக்கக் கண்ணாடிக்கு உள்பக்கம் இருக்கிற முக்கோணத்தில், காதைப் பார்க்க வைத்ததும் பாடகர் காலடியிலிருந்து எழுந்து டேஷ்போர்டு மேல் வந்து உட்கார்ந்துவிட்டார். பின்கதவு ஸ்பீக்கர்களை மாற்றவே இல்லை, அந்தக் காசையும் சேர்த்து முன்னால் போட்டேன். ஃபேடரை (முன்னுக்கும் பின்னுக்கும் சத்தத்தைப் பங்கிடுகிற செட்டிங்கை) முன்பக்கம் தள்ளி வைத்திருக்கிறேன், பின்னால் உள்ளவர்களுக்கு லேசாகக் கேட்கும், அவர்கள் எப்படியும் போனில்தான் இருக்கிறார்கள்.

புது ஸ்பீக்கரின் காந்தம் பெரியது, ஆழம் அதிகம். வாங்கும் முன் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு ஸ்பீக்கர் ஓட்டையிலிருந்து கண்ணாடி வரை ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். எனக்கு ஒரு சென்டிமீட்டர் இடித்தது, ஒரு வளையம் வைத்து ஸ்பீக்கரைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ள வேண்டும். கடைகளில் எம்டிஎஃப் வளையம் கொடுப்பார்கள், கதவுக்குள் ஈரத்தில் அது ரஸ்க் மாதிரி ஊறி உதிரும். தம்பி சொன்ன வழி: காய் நறுக்குகிற பிளாஸ்டிக் பலகை. 120 ரூபாய்க்கு ஒன்று, ஒரு கதவுக்கு ஒன்று, ஜிக்சாவில் வட்டமாக வெட்டினால் முடிந்தது. தண்ணீர் ஒன்றும் செய்யாது, துரு இல்லை, உளுக்காது. (ஒத்திகைக்கு வெட்டியது வீட்டுப் பலகையை. அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.) வளையத்துக்கும் இரும்புக்கும் நடுவில், ஸ்பீக்கருக்கும் கதவுத் தட்டுக்கும் நடுவில், மெல்லிய ஃபோம் டேப் ஒரு சுற்று. அது இல்லாவிட்டால் சத்தத்தில் பாதி தட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

வண்டியின் வயரை வெட்டவில்லை. உங்கள் மாடலுக்கான கப்ளர் விற்கிறது, ஒரு முனை கம்பெனி சாக்கெட், மறுமுனை ஸ்பீக்கர் பின். கடைக்காரர் கட்டிங் பிளேயரை எடுத்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் வெட்டி முறுக்கி டேப் சுற்றுவது இரண்டு நிமிடம், ஆறு மாதம் கழித்து வெயிலில் டேப்பின் பசை இளகிப் பிரிந்து, கதவைச் சாத்தும்போதெல்லாம் ஒரு பக்கம் பாட்டு போய்ப் போய் வரும்போது அவர் வரமாட்டார். ஸ்டீரியோவையே மாற்றுகிறவர்களுக்கு: புது யூனிட்டுகளின் வயர் நிறம் பெரும்பாலும் ஒன்றுதான். மஞ்சள் எப்போதும் 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டால் வருவது, கறுப்பு எர்த். வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது, கூடவே கறுப்புக் கோடு போட்டது அதனதன் நெகட்டிவ். சாவியை எடுக்கும்போதெல்லாம் உங்கள் செட்டிங் அழிந்துபோனால் மஞ்சளும் சிவப்பும் மாறியிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். வண்டிப் பக்கத்து வயரின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், அது கம்பெனிக்குக் கம்பெனி வேறு, மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்.

எல்லாம் பூட்டி, இருட்டின நேரம், பாட்டுப் போட்டோம். பளிச்சென்று இருந்தது. ஆனால் பேஸ் முன்பைவிடக் குறைவு! எட்டாயிரம் ரூபாய், ஒரு முழு ஞாயிறு, தொப்பி இன்னும் காணோம். நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்து உட்கார்ந்துவிட்டேன். தம்பி எதுவும் பேசாமல் பேலன்ஸை முழுக்க வலப்பக்கம் தள்ளினான், பேஸ் வந்தது. முழுக்க இடப்பக்கம், அங்கேயும் வந்தது. நடுவில் வைத்தால் காணாமல் போகிறது. "ஒரு கதவுல பிளஸ் மைனஸ் மாறியிருக்குண்ணே." ஒரு கூம்பு வெளியே தள்ளும்போது இன்னொன்று உள்ளே இழுக்கிறது, இரண்டும் சேர்ந்து பூஜ்யம். ரிமோட்டிலிருந்து ஒன்றரை வோல்ட் பேட்டரி ஒன்றைக் கழற்றி, ஸ்பீக்கர் வயரைப் பிரித்து, பேட்டரியின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் ஒரு கணம் தொட்டோம். கூம்பு வெளியே வந்தால் சரி, உள்ளே போனால் மாற்று. வலது கதவில் கப்ளரை நான்தான் திருப்பிச் செருகியிருந்தேன். மாற்றிப் பூட்டிவிட்டு அதே தனி ஆவர்த்தனத்தைப் போட்டோம். தொப்பியில் இடது கை இழுக்கிற அந்த 'கும்ம்', ரவை ஈரம் கூடத் தெரிகிற மாதிரி, வந்தது. தெருவில் நாய் ஒன்று எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனது.

இதுவரை கணக்கு: ஸ்பீக்கர் 4,200, ஷீட் 2,200, பலகை 240, கப்ளர், டேப், கிளிப் எல்லாம் 500, ஆக்ஸில் செருகுகிற ப்ளூடூத் ரிசீவர் 700, அதற்கு ஒரு ஐசோலேட்டர் 200. மொத்தம் 8,040. ஐசோலேட்டர் எதற்கென்றால், ரிசீவரையும் ஸ்டீரியோவையும் ஒரே வண்டிக் கரண்டில் ஓட்டும்போது இன்ஜினின் சுழற்சிக்கு ஏற்ப ஏறி இறங்குகிற ஒரு 'ங்ய்ய்ய்' சத்தம் பாட்டுக்குப் பின்னால் வரும், நடுவில் இதைச் செருகினால் போய்விடும். போன் வால்யூமை முழுக்கவும் ஏற்றாமல் ஒரு படி குறைத்து வைத்து, மிச்சத்தை ஸ்டீரியோவில் கூட்டுங்கள். அதைவிட நல்லது பென்டிரைவ், போனில் நோட்டிபிகேஷன் வந்து பாட்டை முறிக்காது.

பெரும்பாலானவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளலாம். நான் நிறுத்தியிருக்க வேண்டும், ஆனால் நான்கு மாதம் கழித்து ஒரு நண்பன் வண்டியை விற்கும்போது அவனுடைய நான்கு சேனல் ஆம்பை 4,500க்குக் கொடுத்தான். வயரிங் வேலைக்கு 1,800. ஆம்ப் வயர் வாங்கும்போது ஒரு முனையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். அதையும் பயன்படுத்தலாம், ஒரு சைஸ் தடிமன் கூட்டி வாங்க வேண்டும், செம்பு விலை மட்டும் கொடுக்கக் கூடாது. ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில், ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். ஆம்புக்குப் பக்கத்தில் வைத்தால் நடுவில் எங்காவது வயர் உரசி ஷார்ட் ஆகும்போது ஃபியூஸுக்குத் தகவலே வராது, வயர்தான் எரியும். இன்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே வருகிற இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம்.

இதில் மட்டும் தெரு முனை எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். நான் எர்த்தை சீட் போல்ட்டில் கொடுத்திருந்தேன், அதே 'ங்ய்ய்ய்' திரும்ப வந்திருந்தது. "சீட் போல்ட்டைத் தொடாதீங்க சார், அது ஆளைப் பிடிச்சு வைக்கிற போல்ட்டு" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் வேறோர் இடத்தில் பெயின்டை உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு பளபளவென்று தெரிந்த பிறகு எர்த் கொடுத்தார். சத்தம் நின்றது. கம்பெனி ஸ்டீரியோவில் ஆர்சிஏ அவுட் (ஆம்புக்கென்றே இருக்கிற துளை) இல்லை, அதனால் ஸ்பீக்கர் வயரையே ஆம்பின் ஹை லெவல் இன்புட்டில், அதாவது ஸ்பீக்கர் வயரை நேராக வாங்கிக்கொள்கிற வாயில் கொடுத்தோம், பழைய ஆம்ப் வாங்குகிறவர்கள் இந்த வசதி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஆம்பில் கெய்ன் என்று ஒரு திருகு இருக்கும், அதை வால்யூம் என்று நினைத்து முழுக்கத் திருகுகிறவர்கள்தான் ஸ்பீக்கரை எரிப்பவர்கள். என் ஆம்ப் ஒரு ஸ்பீக்கருக்குக் கொடுப்பது 50 வாட்ஸ், ஸ்பீக்கர் நான்கு ஓம். ஐம்பதை நான்கால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 14 வோல்ட். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோவில் பேஸ், ட்ரெபிள் எல்லாம் பூஜ்யத்தில், வால்யூம் முக்கால்வாசியில் வைத்து, ஒரு கிலோஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, ஆம்ப் வாயில் மல்டிமீட்டர் ஏசியில் 14 காட்டும் வரை திருகி அங்கேயே விட்டுவிட்டேன். ஹை பாஸ், அதாவது கீழ்ச் சத்தத்தை வெட்டுகிற வடிகட்டி, 80 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே உள்ளதைக் கதவு ஸ்பீக்கரிடம் கேட்பது ஆட்டோவில் நெல் மூட்டை ஏற்றுகிற மாதிரி, வெட்டிவிட்டால் மற்றதெல்லாம் தெளிவாகும். சப் வூஃபர் வாங்கவில்லை, டிக்கியில் அரிசியும் தேங்காயும் வர வேண்டும்.

பேலன்ஸை இரண்டு புள்ளி இடப்பக்கம் வைத்திருக்கிறேன், டிரைவருக்கு வலது ஸ்பீக்கர் பக்கத்தில் இருப்பதால். பேஸையும் ட்ரெபிளையும் தானாகத் தூக்குகிற லவுட்னஸ் பட்டனை அணைத்துவிட்டேன். இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது வெளியில் பொருத்திய மின்சாதனங்களைத் தனியாகச் சொல்லிச் சேர்க்க வேண்டும், சொல்லாவிட்டால் திருடு போனாலும் கணக்கில் வராது.

மொத்தம் 14,340, தண்டம் தனி. கதவு இப்போது சாத்தும்போது 'டப்' என்று கனமாகச் சாத்துகிறது. டயர் இரைச்சலும் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது, இருக்கலாம், மனப்பிராந்தியாகவும் இருக்கலாம்.

பேஸ் வந்ததும் வண்டியில் இதுவரை சும்மா இருந்ததெல்லாம் பேச ஆரம்பித்தன. 40லிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறுகிற டோன் ஒன்றை ஓடவிட்டு, ஒருவர் கையால் அங்கங்கே அழுத்திப் பார்க்க வேண்டும், நடுக்கம் எங்கே நிற்கிறதோ அதுதான் இடம். முதல் 'டர்ர்' இடது கதவுப் பையில் டோல்கேட்டில் போட்ட இரண்டு ரூபாய் நாணயம். இரண்டாவது மூக்குக்கண்ணாடி வைக்கிற டப்பாவின் மூடி, ஒரு துண்டு ஃபெல்ட் ஒட்டினேன். மூன்றாவது பின் நம்பர் பிளேட், அதற்கு இரண்டு ரப்பர் வாஷர் வாங்கி வைத்திருக்கிறேன், இந்த ஞாயிறு போட வேண்டும்.